ஒயின் தோட்டங்களுக்கு சைக்கிளில் ஒரு டூர்: நிஜமாகவே இது பசுமைப் பயணமா?

இருபுறமும் திராட்சைத் தோட்டம், நடுவே வாடகை சைக்கிள், முன்கூடையில் ஒரு பாட்டில், கீழே ‘சஸ்டெயினபிள் டிராவல்’ என்று கேப்ஷன். இந்த மாதிரி ரீல்ஸ் உங்கள் ஃபீடிலும் வந்திருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் சைக்கிளில் போனால் மட்டும் ஒரு பயணம் பசுமையாகிவிடுமா? பிரான்ஸின் லுவார் பள்ளத்தாக்கை வைத்துப் பார்த்தால் பதில் ‘ஆமாம்’, ‘இல்லை’ இரண்டுமேதான்.

லுவார், பிரான்ஸின் மிக நீளமான நதி. அதன் கரையோரமாக, நாட்டின் நடுப்பகுதியில் உள்ள க்யூஃபியில் தொடங்கி அட்லாண்டிக் கடற்கரையில் உள்ள சான் பிரெவான் வரை சுமார் 900 கி.மீ. நீளத்துக்கு ஒரு சைக்கிள் வழி போகிறது. பெயர் ‘லா லுவார் ஆ வேலோ’. ‘சைக்கிளில் லுவார்’ என்று அர்த்தம், அவ்வளவுதான். இதன் பெரும்பகுதி, அட்லாண்டிக்கையும் கருங்கடலையும் இணைக்கும் ‘யூரோவேலோ 6’ என்ற நெடும்பாதையோடு சேர்ந்தே ஓடுகிறது. வழியில் சான்செர், வூவ்ரே, ஷினோன், சோமூர், மஸ்கடே என ஒயின் பிரியர்கள் லேபிளில் மட்டுமே பார்த்த பெயர்கள் எல்லாம் ஊர்களாகவும் வட்டாரங்களாகவும் வந்துபோகும். இந்தப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி 2000-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதே கரையில் அணுமின் நிலையங்களின் ராட்சத கூலிங் டவர்களும் நிற்கின்றன. ரீல்ஸில் அது மட்டும் எப்படியோ கட் ஆகிவிடுகிறது!

சைக்கிளுக்கு இந்த ஊர் செட் ஆவதற்கு முதல் காரணம் நதி. கரையோரப் பாதை என்பதால் பெரும்பாலும் சமதளம், முழங்கால் பிழைக்கும். இரண்டாவது, ‘அக்கேய் வேலோ’ என்ற முத்திரை. சைக்கிள் வழியிலிருந்து 5 கி.மீ.க்குள் இருந்து, சைக்கிளைப் பத்திரமாக நிறுத்த இடமும் பஞ்சர் ஒட்ட அடிப்படைக் கருவிகளும் தருகிற விடுதிகளுக்கு இது கிடைக்கும். மூன்றாவது ரயில். கோடையில் லுவார் கரை வழித்தடத்தில் ஓடும் சில ரயில்களில் சைக்கிள்களுக்கென்றே கூடுதல் இடம் ஒதுக்குகிறார்கள். கால் வலித்தால் ஏறிக்கொள்ளலாம். பாரிஸிலிருந்து ஓர்லியான் நகரத்துக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்தான். கார் வாடகைக்கு எடுக்காமலேயே முழு டூரையும் முடிக்க முடிவது இதனால்தான்.

சோமூர் பக்கம் போனால் சைக்கிளைப் பூட்டிவிட்டு மலைக்குள்ளேயே நுழையலாம். அங்கே ‘தூஃபோ’ என்ற வெளிர்நிறச் சுண்ணாம்புக் கல்லை நூற்றாண்டுகளாக வெட்டி எடுத்து அரண்மனைகள் கட்டினார்கள். வெட்டிய இடமெல்லாம் குகையாகிவிட்டது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஏறக்குறைய 12 டிகிரிதான். பல தயாரிப்பாளர்கள் நுரைக்கும் ஒயினை இந்தக் குகைகளில்தான் அடுக்கி வைக்கிறார்கள். ஏசி இல்லை, கரண்ட் பில் இல்லை. சில குகைகளில் காளானும் வளர்க்கிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம்.

ஒரு வாரத்தில் 300 கி.மீ. சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் காரில் போனால் சுமார் 20 லிட்டர் ஆகும். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு. அப்படியென்றால் சைக்கிளில் போய் மிச்சப்படுத்துவது 50 கிலோவுக்குள். ஆனால் சென்னையிலிருந்து பாரிஸுக்கு விமானத்தில் போய்த் திரும்பினால், எகானமி வகுப்பிலேயே ஒருவர் பங்கு ஒரு டன்னைத் தாண்டும். இருபது வாரம் சைக்கிள் மிதித்தாலும் அந்த ஒரு டிக்கெட்டை ஈடுகட்ட முடியாது பாஸ்!

அதனால் ஐரோப்பாவிலேயே படிக்கும், வேலை பார்க்கும் நம்மவர்கள் ரயிலில் போய் சைக்கிள் எடுத்தால் அது நிஜமான பசுமைப் பயணம். இங்கிருந்து ஐந்து நாள் லீவில் பறந்துபோய் வந்துவிட்டு அதே பெயரைச் சொல்வது கொஞ்சம் ஓவர். போவதென்று முடிவுசெய்தால், இரண்டு ட்ரிப்பை ஒன்றாக்கி அதிக நாள் தங்குவதே அர்த்தமுள்ள வழி.

தோட்டக்காரர்களுக்கு இது வெறும் ஃபேஷன் இல்லை. வசந்தம் முன்கூட்டியே வந்து தளிர் விட்டபிறகு திடீரென உறைபனி விழுந்தால் அந்த வருட விளைச்சல் போச்சு. 2021 ஏப்ரலில் பிரான்ஸ் முழுக்க அதுதான் நடந்தது. ராத்திரி முழுக்கத் தோட்டத்தில் வரிசையாகத் தீ மூட்டிக் கொடிகளைக் காப்பாற்றப் போராடினார்கள். அப்படிப்பட்ட ஊரில் வாசலுக்கே வந்து வாங்கும் வாடிக்கையாளர் முக்கியம். ஆனால் சைக்கிளில் வருபவர் எத்தனை வாங்குவார்? நிரம்பிய பாட்டில் ஒன்று 1.2 கிலோவுக்குக் குறையாது. 12 பாட்டில் பெட்டி ஏறக்குறைய 15 கிலோ. காரில் வருபவர் டிக்கியில் இரண்டு பெட்டி ஏற்றிப்போவார், சைக்கிள்காரர் ஒன்றோ இரண்டோ பாட்டிலோடு நிறுத்திக்கொள்வார்.

இன்னொன்று, பலரும் மறப்பது. பிரான்ஸில் குடிபோதைச் சட்டம் சைக்கிளுக்கும் உண்டு. ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்பதுதான் வரம்பு. தொட்டால் 135 யூரோ அபராதம், 0.8-க்குப் போனால் கிரிமினல் வழக்கு. நம்ம ஊரில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு மோட்டார் வண்டிக்கு மட்டும்தான் என்பதால், ‘சைக்கிள்தானே’ என்ற நினைப்பு அங்கே செல்லாது. ஒயின் சுவைக்கும் இடங்களில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், அதுதான் அங்கே வழக்கம்.

கிளம்புபவர்களுக்கு ஒரு டிப்ஸ்: காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, கடல் பக்கமிருந்து வீசும். கடற்கரையில் தொடங்கி உள்நாட்டை நோக்கி மிதித்தால் முதுகில் தள்ளும். சான்செர் மட்டும் குன்றின் உச்சியில் இருக்கிறது. அங்கே காற்று உதவாது, இறங்கித் தள்ள வேண்டியதுதான்.