முயலும் வேண்டும், புல்லும் வேண்டும்

கோட்டுகால், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்து வீடுகளின் முற்றம் ஒருகாலத்தில் பெருக்கிச் சுத்தம் செய்த செம்மண் தரை. இப்போது பல வீடுகளில் அங்கே பஃபலோ கிராஸ் பதித்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டு முயல் வாங்கி, அதை மேயவும் விட்டால், சில நாட்களில் வட்ட வட்டமாகப் புல் கருகத் தொடங்கும். நடுவில் வைக்கோல் நிறம். சுற்றிலும் மட்டும் வழக்கத்தைவிடக் கரும்பச்சை.

காரணத்தைச் சொல்வது அந்தக் கரும்பச்சை வளையம்தான். முயலின் சிறுநீரில் யூரியா வடிவில் நைட்ரஜனும், கூடவே உப்புகளும் இருக்கின்றன. கொஞ்சமாகப் பட்ட ஓரத்தில் அது உரம். மொத்தமாக விழுந்த நடுவில், உரத்தை ஒரே குவியலாகக் கொட்டிய பயிர் போலப் புல் வெந்துவிடுகிறது. மஞ்சளாகிறதே என்று மேலும் உரம் போட்டால் சேதம் கூடும்.

சிறுநீர் அமிலம் என்று எண்ணிச் சிலர் சுண்ணாம்போ சோடா உப்போ தூவுகிறார்கள். உண்மை நேர்மாறானது. முயலின் சிறுநீர் காரத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு பெரும்பாலும் 8 அல்லது அதற்கு மேல். உணவில் மிஞ்சும் கால்சியத்தை முயல் சிறுநீரில்தான் கழிக்கிறது. காய்ந்த இடத்தில் வெள்ளைப் படிவு தெரிவது அதனால்தான். சிமெண்ட் தரையில் படிந்த வெள்ளையை வினிகர் போக்கும். புல்லில் ஊற்றினால் புல்லே செத்துவிடும்.

கைவசம் இருக்கும் நல்ல மருந்து தண்ணீர். ஈரம் காய்வதற்குள், விழுந்த அளவைப்போல் பத்து மடங்காவது ஊற்ற வேண்டும். இடவப்பாதியிலும் துலாமழையிலும் இந்த வேலையை வானமே செய்துவிடும். கும்பம், மீனம் மாதங்களின் வெயிலில்தான் கவனம் தேவை. சிறுநீர் குறையட்டும் என்று முயலுக்குக் குடிதண்ணீரைக் குறைக்கவே கூடாது. சிறுநீர் அடர்த்தியாகிப் புல்லை இன்னும் சுடும், முயலுக்கும் நோய் வரும்.

அடுத்தது முயலின் பழக்கம். பொதுவாக அது ஒரே மூலையைத் தேர்ந்துகொண்டு அங்கேயே சிறுநீர் கழிக்கும். அந்த மூலையில் காய்ந்த புல் நிரப்பிய தட்டை வைத்து, நனைந்த புல்லில் ஒரு பிடியை அதிலேயே விட்டுவைத்தால், வாசனை பிடித்துத் தட்டுக்கு வந்துவிடும். வளர்ந்த முயல்கள் எல்லை குறிக்கவும் சிறுநீரைப் பீய்ச்சும். கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்தால் இது பெரிதும் குறையும்.

மேய விடுவதற்கு அடிப்பாகம் இல்லாத, தூக்கி நகர்த்தும் கூண்டு நல்லது. தினமும் இடம் மாற்றினால் எந்த இடமும் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நனையாது. முயலுக்கு வெயில் ஆகாது. 30 டிகிரி தாண்டினாலே அது தவிக்கும். அதனால் காலையிலோ மாலையிலோ நிழலில் விடுவதே சரி. பூச்சிமருந்து, களைக்கொல்லி தெளித்த புல்லில் விடவே கூடாது.

தட்டில் சேர்வதை வீணாக்க வேண்டாம். கென்யாவில் சிறு விவசாயிகள் முயல் சிறுநீரைப் பிடித்து உரமாக விற்கிறார்கள். இங்கேயும் பத்து மடங்கு தண்ணீர் கலந்து வாழைக்கும் தென்னைக்கும் ஊற்றலாம்; நனைந்த புல்லை மக்கவைத்துத் தோட்டத்தில் போடலாம்.

ஏற்கெனவே கருகிய இடத்தில் செத்த புல்லைக் கிளறி எடுத்துவிட்டு, சில நாட்கள் தண்ணீர் தாராளமாக விட்டு உப்பைக் கீழிறக்க வேண்டும். பஃபலோ கிராஸ் தரையோடு ஓடும் தண்டு வழியே பரவுவது. பக்கத்திலிருந்து கணுவோடு சில துண்டுகள் வெட்டி, இடவப்பாதி தொடங்கும் ஜூனில் நட்டால், அந்த மழையிலேயே வேர் பிடித்துவிடும்.