தோல் அளக்கும் மெஷின் முதல் ‘ப்ளூ ஸ்க்ரீன்’ வரை: டிரைவரை ஓடவிடாமலே தப்பைப் பிடிக்கும் சோதனை என்ன?

பதனிட்ட தோல் சதுர அடிக் கணக்கில்தான் விலை போகும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் அதை அளக்க தனி மெஷினே உண்டு. மெஷினைக் கணினியோடு இணைத்தால் நடுவில் ‘டிரைவர்’ என்ற சின்ன மென்பொருள் இருக்கும். அது குழம்பினால்? சில சமயம் மொத்தக் கணினியும் நீலத்திரை காட்டிவிட்டுப் படுத்துவிடும். பில் போட முடியாது, லாரி வாசலிலேயே நிற்கும்.

ஒரு டிரைவருக்கு இவ்வளவு பவரா?

பிரவுசர் தகராறு செய்தால் அதை மட்டும் மூடிவிடலாம். ஆனால் பல டிரைவர்கள் விண்டோஸின் மையமான ‘கெர்னலில்’ ஓடுகின்றன. அங்கே பெரிய தப்பு நடந்தால், டேட்டா கெட்டுப்போவதைவிட நிற்பதே மேல் என்று விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

‘ஸ்டாடிக் அனாலிசிஸ்’ என்றால்?

ஷூ கம்பெனியில் தோலை வெட்டும் முன் மேசையில் விரித்து, தழும்பும் ஓட்டையும் எங்கே என்று பார்ப்பார்கள். தைத்த பிறகு தெரிந்தால் ஜோடியே வீண். இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். டிரைவரை ஓடவிடாமல், அதன் சோர்ஸ் கோடை இன்னொரு மென்பொருள் வாசிக்கும்.

உதாரணத்துக்கு, டிரைவர் ஒரு ‘லாக்’ போட்டால் அதை எடுத்தே ஆக வேண்டும். வழக்கமான வேலையில் புரோகிராமர் இதை மறப்பது குறைவு. கேபிளை யாரோ பாதியில் பிடுங்கினால் என்ன செய்வது என்று எழுதும் இடத்தில்தான் கோட்டை விடுவார். அந்த நிலைமையை டெஸ்ட்டில் வரவழைப்பது கஷ்டம். கோடை வாசிக்கும் கருவிக்கு அது இன்னொரு பாதை, அவ்வளவுதான்.

இதில் ஒரு கிண்டி கனெக்‌ஷனும் உண்டு. மைக்ரோசாஃப்டின் ‘ஸ்லாம்’ ஆராய்ச்சியை நடத்திய இருவர் தாமஸ் பால், ஸ்ரீராம் ராஜாமணி. ஸ்ரீராம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். அதிலிருந்து பிறந்ததுதான் ‘ஸ்டாடிக் டிரைவர் வெரிஃபையர்’. இப்போது அந்த இடத்துக்கு ‘கோட்கியூஎல்’ வந்துவிட்டது.

அப்புறம் ஏன் 2024-இல் உலகமே ஸ்தம்பித்தது?

நியாயமான கேள்வி. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த டிரைவர் மைக்ரோசாஃப்ட் சான்றிதழ் பெற்றதுதான். ஆனால் அது படித்த அப்டேட் கோப்பு புதிது. 20 தகவல்களே இருந்த இடத்தில் 21-வதைத் தேடி, தொடக்கூடாத மெமரியைத் தொட்டது. எண்ணிக்கையைச் சரிபார்க்கும் வரி உள்ளே இல்லை. கோடுக்குச் சான்றிதழ் கொடுத்துவிடலாம், அதன் பிறகு வந்து இறங்கும் கோப்புகளுக்கு யார் பொறுப்பு?

மெஷின் வாங்குபவர் என்ன செய்யலாம்?

சோர்ஸ் கோடு கையில் இல்லாததால் இந்தச் சோதனையை அவரே நடத்த முடியாது. சப்ளையரிடம், “டிரைவர் விண்டோஸ் சான்றிதழ் சோதனையில் பாஸ் ஆனதா?” என்று கேட்கலாம். “மைக்ரோசாஃப்ட் கையொப்பம் இருக்கே சார்” என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிட வேண்டாம். முழுச் சோதனை இல்லாமலே கையொப்பம் வாங்கும் வழியும் உண்டு. புது டிரைவர் போட்டு சிக்கல் வந்தால் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ பட்டன் பழையதைத் திருப்பித் தரும். முக்கியமாக, சரக்கு ஏற்றும் நாளில் டிரைவர் அப்டேட் வேண்டாம்.