மடிக்கணினிக்கும் கொழு மாற்ற முடியுமா?

கொழு தேய்ந்தால் கொழுவை மட்டும்தான் மாற்றுவோம். கலப்பையைத் தூக்கிப் போடுவதில்லை. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் அது முடியாது. நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்து, பேட்டரியைப் பசைபோட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஒன்று போனால் எல்லாம் போச்சு!

பாகம் பாகமாகக் கழற்றி மாட்டும் மடிக்கணினியை அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2021 முதல் விற்கிறது. விலை கூடுதல். கட்டுப்படியாகுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 50,000 ரூபாய்க் கணினி 4 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 12,500. 70,000 ரூபாய்க்கு வாங்கி, இடையில் 10,000 செலவில் பாகம் மாற்றி 8 ஆண்டு ஓட்டினால் ஆண்டுக்கு 10,000 தான்.

ஆனால் பாகம் கிடைத்தால்தான் இந்தக் கணக்கு. வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் டெல் ஆலை இருக்கு. ஆலை பக்கத்தில் இருப்பது வேறு, உதிரிபாகம் கைக்கு வருவது வேறு.

அதனால் பங்கேற்புச் சான்றிதழ்க் குழுவின் பதிவேட்டுக்குக் கணினி வாங்குவோர், அலுவலகங்களில் ஓடிய பழைய மடிக்கணினியைப் பாருங்க. அடிமூடி திருகாணியில் கழல்கிறதா? நினைவகமும் சேமிப்பகமும் தனியாக மாற்றலாமா? அதற்கான பேட்டரி நம்ம ஊர்க் கடையில் கிடைக்குமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் வாங்கலாம்.

பழுது பார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022 ஜூலையில் குழு அமைத்தபோது, கைபேசியோடு வேளாண் கருவிகளையும் பட்டியலில் சேர்த்தது. டிராக்டரோ கணினியோ, நம் கோரிக்கை ஒன்றுதான்: கையேடும் உதிரிபாகமும் எல்லோருக்கும் கிடைக்கணும். இல்லாவிட்டால் தூக்கிப்போடும் கணினியின் ஈயமும் காட்மியமும் ஏதோ ஒரு மண்ணில்தான் சேரும்.