கழுத்துக்குள் ஒரு ஷார்ட்

2006 செப்டம்பரில் தொடங்கிய இலவசக் கலர் டிவி திட்டம் தமிழகத்தில் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு மேல் எட்டியது. நீடாமங்கலத்துப் பக்கக் கூரை வீடுகளிலும் 14 அங்குலப் பெட்டி வந்து உட்கார்ந்தது. அதில் இன்னும் ஓடுகிற ஒன்று திடீரென்று திரை முழுக்கச் செக்கச்செவேலென்று ஆகி, குறுக்கே கோடு கோடாக ஓடி, தானே அணைந்துபோனால் “டியூப் போச்சு” என்று பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம்.

பிக்சர் டியூபின் கழுத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலத்துக்கென மூன்று கேத்தோடுகள். ஒவ்வொன்றும் நிக்கலால் ஆன குட்டிக் குழாய், அதற்குள் 6.3 வோல்ட்டில் கனலும் டங்ஸ்டன் ஹீட்டர் கம்பி. கம்பிமேல் வெள்ளையாக அலுமினாப் பூச்சு. வருஷக்கணக்காகச் சுட்டு ஆறிச் சுட்டு ஆறிப் பூச்சு உதிர்ந்தால் கம்பி கேத்தோடில் ஒட்டிக்கொள்ளும். ஹீட்டரின் ஒரு முனை எர்த்தில் இருப்பதால், நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டிய கேத்தோடு தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். எலெக்ட்ரான் கட்டுப்பாடில்லாமல் கொட்டும். சிவப்புக் கேத்தோடு மாட்டினால் திரையும் சிவப்பு.

எலெக்ட்ரான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே துகள் சிக்கிய ஷார்ட் வேறு வகை. டியூபை முகம் குப்புறக் கவிழ்த்து, கழுத்தில் ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் மெல்லத் தட்டினால் சில சமயம் உதிரும். கண்டென்சரைச் சார்ஜ் செய்து பாய்ச்சி எரிப்பதும் உண்டு. ஹீட்டர் ஷார்ட்டில் அந்த வித்தை கூடாது, ஹீட்டரே அறுந்துவிடும்.

ஹீட்டர் ஷார்ட்டை யாரும் எடுப்பதில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும், எர்த்தோடு உறவை அறுத்தால் போதும். முதலில் ஆனோடு மூடிக்கடியில் தங்கியிருக்கும் சார்ஜை இறக்கிவிட வேண்டும். ஓடும்போது அங்கே இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு நிற்கும், விளையாட்டில்லை. பிறகு டியூப் பேஸ் போர்டில் ஹீட்டருக்குப் போகும் இரண்டு தடங்களையும் வெட்டி, எல்.ஓ.டி. என்கிற லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் ஃபெரைட் கோரில் நல்ல காப்புள்ள ஒயரை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அதன் இரு முனைகளையும் ஹீட்டருக்குக் கொடுக்க வேண்டும். எர்த்தே கிடையாது, ஹீட்டர் கேத்தோடோடு சேர்ந்து மிதக்கும்.

நொடிக்கு 15,625 முறை துடிக்கும் மின்சாரத்தைச் சாதா மீட்டர் சரியாகக் காட்டாது. பக்கத்தில் நல்ல டிவி ஒன்றை ஓடவிட்டு, கழுத்துக்குள் தெரியும் ஆரஞ்சுக் கனலை ஒப்பிடுவதே நம்பகம். வெள்ளையாகத் தகித்தால் ஒரு சுற்றைக் கழற்ற வேண்டும்.

இப்படிச் சரிசெய்த பிறகு செய்தி வாசிப்பவரின் உதட்டுச் சாயம் வலப்பக்கம் லேசாக இழுபடலாம். புதுச் சுற்றின் கெப்பாசிட்டன்ஸும் கேத்தோடில் ஏறிக்கொள்வதுதான் காரணம். ஒயரைக் கோரிலிருந்து சற்று விலக்கித் தளர்வாகச் சுற்றினால் குறையும்.