அணுகுண்டா, வெங்காயமா?

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதனை. தில்லியில் பா.ஜ.க. தொண்டர்கள் இனிப்பு வழங்கிக் கொண்டாடினார்கள். அக்டோபரில் அதே நகரில் வெங்காயம் கிலோ 50 ரூபாயைத் தொட்டது. அவசரமாக சாகிப் சிங் வர்மாவை மாற்றி சுஷ்மா ஸ்வராஜை முதல்வராக்கியது கட்சி. பலனில்லை. நவம்பர் சட்டமன்றத் தேர்தலில், 49 இடங்கள் வைத்திருந்த பா.ஜ.க.வுக்கு மிஞ்சியது 15.

நாட்டின் பெருமையை விட அடுப்படி பெரிதாகிவிட்டதா? அப்படியும் சொல்ல முடியாது. 1999இல் கார்கில் போருக்குப் பின் நடந்த மக்களவைத் தேர்தலில் தில்லியின் 7 தொகுதிகளும் அதே கட்சிக்குத்தான். பின்னாளில் 2014இல் 7 தொகுதிகளையும் பா.ஜ.க.வுக்குத் தந்த தில்லி, 2015 சட்டமன்றத் தேர்தலில் 70இல் 67 இடங்களை ஆம் ஆத்மிக்கு அள்ளிக் கொடுத்தது.

வாக்காளர் குழம்பவில்லை. எல்லைக்கு ஓர் ஓட்டு. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் இன்னோர் ஓட்டு என்று பிரித்துக்கொண்டார்.

ஆனால் வெங்காயக் கணக்கில் ஒரு சிக்கல். ஏற்றுமதியை நிறுத்தும் அதிகாரம் மத்திய அரசிடம். தண்டனை மாநில அரசுக்கு. 1998இல் இரண்டும் ஒரே கட்சியின் கையில் இருந்ததால் அடி குறி தப்பவில்லை. எல்லா முறையும் அப்படி வாய்க்காது. எந்தப் பிரச்சினை முக்கியம் என்று முடிவு செய்வது பாதி வேலைதான். அது யார் பொறுப்பு என்று தெரிந்துகொள்வது மீதி.