இரவில் போலீஸ் நிறுத்தினால்: கேமரன் மலைத் தோட்ட மக்களுக்கு ஒரு கையேடு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிரிஞ்சாங்கிலிருந்து கியா ஃபார்ம் வரை வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அந்த நெரிசலில், தூறலில் நனைந்தபடி கையசைத்து நிற்கும் போக்குவரத்துப் போலீஸ்காரரிடம் வெளியூர்க்காரர்கள் ஸ்ட்ராபெரி தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் வழி கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தேர் பெரிய சாலைக்கு வந்தால் வண்டிகளை நிறுத்தி வழிவிடுபவரும் அவர்தான். பந்தியில் உட்காரச் சொன்னால், வாழையிலையில் சோறு சாப்பிட்டு, குழந்தைகளிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்.

அதே மனிதர் இரவில் ரிங்லெட் சாலையில் டார்ச் அடித்து மோட்டாரை ஓரங்கட்டச் சொன்னால் நமக்குக் கை நடுங்குகிறது. தப்பு எதுவும் செய்திருக்க மாட்டோம். அவர் எதைக் கேட்கலாம், நாம் எதைச் சொல்லலாம் என்பது தெரியாததால் வரும் நடுக்கம் அது. மரியாதையாகப் பேசுவதும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

ஐசி எங்கே இருக்கிறது?

1990 ஆம் ஆண்டு தேசியப் பதிவு விதிமுறைகளின்படி, 12 வயதான பிறகு அடையாள அட்டையைக் கையோடு வைத்திருக்க வேண்டும். கொழுந்து பறிக்கும்போது மழையில் நனையும் என்று ஐசியை லயத்து வீட்டுப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போகும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதை விட வேண்டும். கையில் இல்லாமல் பிடிபட்டால் 20,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். போட்டோகாப்பியை நம்ப வேண்டாம்.

கடன் கொடுத்தவரிடம் ஐசியை அடகு வைப்பதும் ஆபத்து. பிறருடைய அடையாள அட்டையைச் சட்ட அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். வேலைக்கு வந்திருக்கும் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்களுக்கும் இதே கதைதான். அவர்களின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வதை 1966 ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் தடை செய்கிறது. பக்கத்து லயத்தில் அப்படி யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

நிறுத்துபவர் போலீஸ்தானா?

சீருடையில் இல்லாதவர் நிறுத்தினால் அவருடைய அதிகார அட்டையைக் காட்டச் சொல்லலாம். "துவான், போலே சாயா தெங்கோக் காட் குவாசா?" என்று பணிவாகக் கேட்டால் போதும். நீல அட்டை இன்ஸ்பெக்டருக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் உரியது. மஞ்சள் அட்டை அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு, வெள்ளை அட்டை ரிசர்வ் போலீசுக்கு. சிவப்பு அட்டை என்றால் பணியிடை நீக்கத்தில் இருப்பவர். அவருக்கு உங்களை நிறுத்த அதிகாரம் இல்லை. பெயர், எண், வண்டி நம்பர் மூன்றையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

பெயரும் முகவரியும் கேட்டால் சொல்லுங்கள், ஐசியைக் காட்டுங்கள். பேச்சு நீண்டுகொண்டே போனால், "ஆடாகா சாயா டித்தாங்காப்?" என்று கேளுங்கள். கைது இல்லை என்றால் நீங்கள் கிளம்பலாம். பெண்களின் உடலைச் சோதிப்பதாக இருந்தால் பெண் போலீஸ்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியம் குறையாமல்.

சம்மனும் கோப்பி காசும்

16 வயது நிரம்பாமல் மோட்டார் லைசென்ஸ் கிடையாது. தோட்டத்துப் பாதையில்தானே ஓட்டுகிறான் என்று விட்டுவிட்டால், பையன் ஒருநாள் பெரிய சாலைக்கு வந்துவிடுவான். அந்த வளைவுகளில் சுற்றுலா பஸ்ஸும் காய்கறி லாரியும் எதிரே வரும். சம்மனைவிடப் பெரிய ஆபத்து அதுதான். குடித்துவிட்டு ஓட்டுபவர்களுக்கு 2020 அக்டோபரிலிருந்து சட்டம் இன்னும் கடுமையாகியிருக்கிறது. முதல் முறை பிடிபட்டாலே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், கூடவே 2 ஆண்டு வரை சிறை.

தப்பு நம்மீது என்றால் சம்மனை வாங்கிக்கொண்டு போய்க் கட்டிவிடலாம். தப்பு இல்லை என்று நினைத்தால் நீதிமன்றத்தில் மறுக்கலாம். நடுவழியில் "கோப்பி குடிக்க" என்று ஐம்பது வெள்ளியை மடித்து நீட்டுவதுதான் கூடவே கூடாது. 2009 ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே தண்டனைதான்: 20 ஆண்டு வரை சிறை, அத்துடன் குறைந்தது லஞ்சத் தொகையைப் போல ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இதில் எது அதிகமோ அந்த அபராதம். யாராவது பணம் கேட்டால் ஊழல் தடுப்பு ஆணையமான எஸ்பிஆர்எம்முக்கு 1-800-88-6000 என்ற எண்ணில் சொல்லலாம்.

ரிப்போர்ட் அடிக்கப் போனால்

போலீஸ் ரிப்போர்ட்டை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. சாலை விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். நீங்கள் சொல்லச் சொல்ல, முகப்பில் இருப்பவர் அதை மலாயில் கணினியில் தட்டுவார். "அவன் என்னைத் தள்ளினான்" என்று நீங்கள் சொன்னது "எங்களுக்குள் சண்டை" என்று பதிவானால் வழக்கின் திசையே மாறிவிடும். ஆகவே கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். மலாய் வாசிக்கத் தெரியாதவர்கள், பள்ளியில் படிக்கும் மகளையோ தம்பியையோ அழைத்துப் போய்ப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் நிலையத்தின் பெயர், வரிசை எண், ஆண்டு மூன்றும் சாய்கோடிட்டு அச்சாகியிருக்கும். அந்த எண் கையில் இருந்தால்தான் பிறகு கேள்வி கேட்க முடியும்.

வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்து, நான்கு வாரம் ஆகியும் சத்தமே இல்லை என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ பிரிவின்கீழ் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும்.

வீட்டில் அடி உதை படும் பெண்கள் 'குடும்ப விஷயம்' என்ற பேச்சைக் கேட்டுத் திரும்பிவிட வேண்டாம். 1994 ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் அவர்களுக்காகவே இருக்கிறது. உதவி கேட்க அழைக்க வேண்டிய தாலியான் காசே எண் 15999.

கைது என்றால்

என்ன காரணம் என்று உடனே சொல்ல வேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 5 ஆவது விதி இவற்றை உறுதி செய்கிறது. உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு தருகிறது. அதை மறுப்பதானால் டிஎஸ்பிக்குக் குறையாத அதிகாரி காரணத்தை எழுதிப் பதிய வேண்டும். மாஜிஸ்திரேட் காவலை நீட்டித்தாலும் அதற்கு வரம்பு உண்டு. 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றத்துக்கு முதலில் 4 நாள், பிறகு 3 நாள். அதைவிடக் கடுமையான குற்றத்துக்கு 7 நாள், மறுபடி 7 நாள்.

வாக்குமூலம் எடுத்தால், நீங்கள் பேசிய மொழியிலேயே அதை வாசித்துக் காட்டி, திருத்த இடம் கொடுத்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 112 ஆவது பிரிவு. தமிழில் பேசினால் தமிழில் கேட்டுச் சரிபார்க்கலாம். உங்கள்மீதே குற்றம் சுமத்தக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லாத குடிமக்களுக்கு தேசியச் சட்ட உதவி அறவாரியமான யயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் இலவசமாக உதவுகிறது.

இவையெல்லாம் வெறும் காகித உரிமைகள் என்று நினைக்க வேண்டாம். 2009 ஜனவரியில் 22 வயது அ. குகன் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தார். அவருடைய குடும்பம் விடாமல் போராடி, 2013 இல் உயர் நீதிமன்றத்தில் 801,700 வெள்ளி இழப்பீட்டுத் தீர்ப்பைப் பெற்றது. போன உயிர் திரும்பாது. ஆனால் கேள்வி கேட்டால் சட்டம் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை அந்தக் குடும்பம் நமக்கெல்லாம் காட்டியது.

போனில் வரும் 'இன்ஸ்பெக்டர்'

இன்றைக்கு லயத்து வீடுகளுக்கு அதிக ஆபத்து போலிப் போலீசால்தான் வருகிறது. "உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல், வாரண்ட் ரெடி, வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள், பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்" என்று மிரட்டுவார்கள். உண்மையான போலீஸ் போனில் பணம் மாற்றச் சொல்வதே இல்லை. போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழையுங்கள், பிறகு ரிப்போர்ட் செய்யுங்கள்.

புகார் எங்கே?

அதிகாரி தவறாக நடந்தால் போலீஸ் படையின் நெறிமைத் துறையிடமும் மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடமும் புகார் செய்யலாம். 2023 ஜூலை 1 முதல் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையமும் செயல்படுகிறது. தேதி, நேரம், இடம், பெயர், எண் எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். அடிபட்டிருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள்.

அடுத்த கோயில் கூட்டத்துக்கோ பள்ளிப் பெற்றோர் கூட்டத்துக்கோ உங்கள் பகுதிக் காவல் நிலையத் தலைவரை அழைத்து, இதையெல்லாம் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். நல்ல அதிகாரி தயங்காமல் வருவார். அவசர எண் 999, அத்துடன் 997, 15999 ஆகிய எண்களை இன்றைக்கே வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.