உறங்குவதற்கு மட்டுமா ஓர் ஊர்?

மும்பையிலிருந்து ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டோம்பிவிலி, முன்னாளில் ஆகரி மக்கள் நெல் விளைவித்த சிற்றூர். 1853-இல் போரிபந்தரிலிருந்து தாணா வரை ஓடத் தொடங்கிய புகைவண்டி, 1854-இல் கல்யாண் வரை நீண்டது. இடையிலிருந்த இவ்வூரின் வாழ்வைப் பின்னாளில் அந்தப் பாதையே மாற்றிற்று. மாநகரில் வீடு எட்டாத மராத்தியர், குஜராத்தியர், மலையாளிகள், தமிழர் எனப் பலரும் குடியேறினர். 1983-இல் கல்யாணும் டோம்பிவிலியும் ஒரே மாநகராட்சியாயின. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அம்மாநகராட்சியின் மக்கள்தொகை 12 லட்சத்துக்கு மேல்.

இத்தகைய ஊரில் வாழும் நமக்கு ஓர் இடர் உண்டு. காலையில் வண்டியேறி, இருட்டிய பின் திரும்புகிறோம். ஒரே பெட்டியில் நாள்தோறும் பஜனை பாடி வருவோரை அறிவோம். அடுத்த வீட்டாரை அறியோம். பகலில் வீட்டிலிருப்போரோ பெரும்பாலும் முதியோரும் குழந்தைகளும். திடீரென நோய் கண்டால் நம் பெற்றோர் தட்டக்கூடிய கதவு அடுத்த வீட்டுக் கதவுதான். அவ்வேளையில் உதவுவன அவர்கள் அறிந்த சில மராத்திச் சொற்களும், முன்பே ஏற்பட்ட பழக்கமுமே.

அப்பழக்கத்திற்கு வழியில்லாமல் இல்லை. மகர சங்கராந்தியன்று மராத்தியர் எள்ளும் வெல்லமும் சேர்ந்த உருண்டையைத் தந்து, இனிமையாகப் பேசுமாறு வேண்டுவர். நவராத்திரியில் நம் வீட்டுக் கொலுவுக்கு அவர்களை நாம் அழைக்கலாம். அவர்தம் மொழியில் அழைப்பது இன்னும் நன்று. வண்டியின் நேரம் நம் கையில் இல்லை. விடுமுறை நாளின் மாலைப்பொழுது நம் கையில்தான் இருக்கிறது.